ஆஸ்பத்திரிக் கட்டளை ஆறு

சிலுவை கரமடி வலைக் கயிற்றில் கை வைத்ததைப் பார்த்ததும் குளச்சல் கடற்கரையில் பாதிப் பேர் இழுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தலாமா? வலை கடலுக்குள் கிடக்கிறது. உள்ளே சாளை துள்ளுகிறது. கயிறு தளர்ந்தால் மீன் அடியோடு நழுவிப் போகும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மூன்று வருஷமாகக் காப்பித் தம்ளரைக்கூட இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துக் குடித்த மனிதர், விரல்களை மடக்கிக் கயிற்றைப் பற்றி, குதிகாலை ஈர மணலில் புதைத்து, பின்னால் சாய்ந்து நிற்கிறார்!

“என்னலே பாக்குதீங்க? நான் என்ன மூணாம் நாளு உயிர்த்தா வந்திருக்கேன்? இழுங்கலே!”

அவர் போட்ட சத்தத்தில் கயிறு மறுபடி விறைத்தது. வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற ஞானதாசன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கண் கலங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன், பத்து வயது இளையவன், சிலுவைக்குக் கூடப்பிறந்த தம்பியைப் போல.

கரையில் மீன் கடவப் பெட்டியோடு நின்றிருந்த வியாகுலம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புருஷன் கயிறு பிடிப்பதைப் பார்க்க அவள் இத்தனை நாள் நேராத நேர்ச்சை இல்லை. ஆனால் அடுத்த நிமிஷமே கடவத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

“கையக் காட்டும். கயிறு உரசி எங்கயாவது தோலு போயிருக்கா? காட்டும்ன்னேன்!”

“ஏட்டி, ஆம்பிளையளுக்கு நடுவுல வந்து...”

“நாலாம் கட்டளை!” என்றாள் வியாகுலம்மாள்.

கரை முழுக்கச் சிரித்தது.

இந்தக் கட்டளைகளின் கதை இதுதான். மார்கழி பிறந்த வாரத்தில், பேருந்து ஏறிப் போகும் தூரத்தில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவள் சிலுவையைக் கூட்டிக்கொண்டு போனாள். விரல் முட்டுகள் இஞ்சிக் கிழங்கைப் போல வீங்கிக் கோணிக் கிடந்தன. வைத்தியர்கள் பிழிந்த எண்ணெய்க்கும் கட்டிய பச்சிலைக்கும் அவை அசைந்து கொடுக்கவில்லை. பெரிய டாக்டர் அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், சீமையிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு மாத்திரையை எழுதினார். பெயர் கார்ட்டிசோன். எழுதுவதற்கு முன்னால் ஒன்று கேட்டார்.

“அம்மை வந்திருக்கா? கொப்பளிப்பான்?”

“சின்னதுலயே வந்தாச்சி டாக்டரே” என்று சிலுவை இடது புருவத்துக்கு மேலிருந்த மூன்று குழிகளைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

மாத்திரையைக் கொடுத்தது நர்ஸ் குளோரி. அருமனைக்காரி, நறுக்கென்று பேசுகிறவள். சிலுவையை விட்டுவிட்டு வியாகுலம்மாளைத்தான் உட்காரவைத்தாள்.

“கேட்டுக்கிடுங்க அம்மா. நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் உண்டு. நோவு வந்தா அடிச்சி வெரட்டுதவன். இவருக்கு அவன் ஆளு தெரியாம சொந்த முட்டுகளையே அடிக்கான். இந்த மாத்திரை அவனைப் பிடிச்சி உக்காத்தி வைக்கும். முட்டு வலி போவும். ஆனா, நெசமான கள்ளன் வந்தாலும் அவன் எந்திரிக்க மாட்டான். வெளங்குதா?”

“அப்ப நான் காவல் இருக்கணும்.”

குளோரி அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். “அதுதான். அதேதான்.”

சாப்பிட்ட பிறகு நேரம் தவறாமல் மாத்திரை. நல்லாயிற்று என்று தானாக நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் ஆள் சாய்ந்துவிடும். அடுத்தவருக்கு ஒன்றுகூடக் கொடுக்கக்கூடாது. அம்மை, காய்ச்சல், விடாத இருமல் உள்ள வீட்டுப் பக்கம் போகக்கூடாது. முன்னே வந்த ஆள் என்றாலும் ஒதுங்கி இருப்பது நல்லது. சின்னக் கீறல், லேசான சூடு எதுவானாலும் உடனே வரவேண்டும், காவல்காரன் உட்கார்ந்திருப்பதால் காய்ச்சல் முழுசாக வெளியே தெரியாது. அம்மை குத்துகிறவர் வந்தால் டாக்டரைக் கேட்காமல் கையை நீட்டக்கூடாது. உப்பு பாதி.

வியாகுலம்மாளுக்கு எழுத்து வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசத்தில் பாடம் ஒப்பித்து வளர்ந்தவள். பேருந்தில் வரும்போதே ஆறாகப் பிரித்து மனப்பாடம் செய்துவிட்டாள். “திருச்சபைக் கட்டளையும் ஆறு, இதுவும் ஆறு. அதை மீறினா மறுமையில கேள்வி. இதை மீறினா இம்மையிலயே கேள்வி” என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷனின் ஒழுங்கு வந்துவிட்டது. இருமிக்கொண்டு வந்தவர்கள் முற்றத்தோடு நின்றார்கள். தன் முழங்காலுக்கும் ஒரு மாத்திரை கேட்டு வந்த உபதேசியாரை, “உமக்கு டாக்டரு பாக்காம எனக்க மாப்பிள்ளைக்க மாத்திரையையா தூக்கித் தருவேன்?” என்று கேட்டு வெறும் கருப்பட்டிக் காப்பியோடு திருப்பி அனுப்பினாள். நெத்திலிக் குழம்பில் உப்பு பாதியானபோது சிலுவை மரச்சீனிக் கிழங்கைத் தட்டில் உருட்டிக்கொண்டு, “கடலுக்குள்ள கெடந்த மீனுக்கு இருந்த உப்புகூட இதுல இல்லியே, அதையும் கழுவிட்டியா?” என்றார்.

“தின்னும். கயிறு பிடிச்சீருல்லா?”

“பிடிச்சேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவருடைய முகம் இருந்ததே, அதற்காக அவள் உப்பை மொத்தமாகவே நிறுத்தத் தயாராக இருந்தாள்.

தை பிறந்தது. ஐம்பத்தாறாம் வருஷம். வாடைக் காற்று இறங்கிக் கடல் எண்ணெய் தடவினாற்போலக் கிடந்தது. செபஸ்தியார் திருநாளுக்கு முன்னால் கோவிலிலிருந்து அம்பு எழுந்தேற்றம் செய்வார்கள். பட்டுத் துணி சுற்றிய சின்ன வெள்ளி அம்பு வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் எல்லாரும் முத்தி செய்வார்கள், அதாவது உதட்டை வைத்து முத்தம் கொடுப்பார்கள். கொள்ளைநோயும் அம்மையும் அண்டாமல் காக்கிறவர் செபஸ்தியார் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. அம்பைச் சுமக்கும் உரிமை சிலுவையின் வீட்டுக்கு. அவருடைய அப்பா நேர்ந்துகொண்டது. மூன்று வருஷமாகக் கை பிடிக்காததால் ஞானதாசன் அவருக்குப் பதிலாகச் சுமந்தான். இந்த வருஷம் கை திரும்பிவிட்டதே!

அந்த வாரத்தில்தான் ஞானதாசனின் ஏழு வயது மகள் சகாயசெல்விக்குக் கொப்பளிப்பான் போட்டது.

வேப்பங்குலை பக்கத்து வீட்டு நடையில் தொங்கியதைப் பார்த்ததும் வியாகுலம்மாள் சிலுவையைத் தேடி ஓடினாள். மூன்றாம் கட்டளை!

“அந்த வீட்டுக்கு மட்டும் அம்பை ஞானதாசன் வாங்கிட்டுப் போவட்டு. நீரு ரோட்டுல நிக்கணும்” என்றாள்.

“சரிட்டி.”

“முத்தி முதல்ல நீரு செய்யணும், ஊருக்கு முன்ன. பொறவு உதட்டுல வைக்கக்கூடாது.”

“சரின்னேன்லா.”

சரி என்ற மனிதர் என்ன செய்தார்? ஊர்வலம் அந்த நடைக்கு வந்தபோது ஞானதாசன் தலையைக் குனிந்துகொண்டு, “இங்க வேண்டாம் அண்ணே. இந்த வருசம் எனக்க வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போவும்” என்றான். உள்ளே பாயில் கிடந்த பிள்ளை, “அப்பா, செபஸ்தியாரு நம்ம வீட்டுக்கு வரமாட்டாரா?” என்று கேட்டது. அவ்வளவுதான். சிலுவை அம்போடு நடையேறிவிட்டார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து வியாகுலம்மாள் முழங்கையால் இடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அவர் பிள்ளையை மடியில் தூக்கி வைத்திருந்தார். பிள்ளையின் முகமெல்லாம் நீர்க் கொப்பளம். அது அம்பை முத்தி செய்தது. அவர் அதன் தலையைத் தடவினார். பிறகு, அந்த அம்பையே எடுத்துத் தானும் முத்தி செய்தார்.

“நீரு மனுசன்தானா?” என்று கத்தினாள்.

“எனக்குத்தான் சின்னதுலயே வந்தாச்சில்லா. ஒருக்கா வந்தா பொறவு வராது. எதுக்கு கெடந்து தொண்டையக் கீறுத?”

ஊர் அவள் பக்கம் இல்லை. செபஸ்தியாரின் அம்புக்கே வேலி கட்டுகிறாளே என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். ஞானதாசனின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வியாகுலம்மாள் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள்.

சாயங்காலம் கிழங்கு அவித்துக்கொண்டே கேட்டாள். “உமக்கு எங்க வச்சி அம்மை வந்துது?”

“தேங்காப்பட்டணத்துல. அத்தைக்க வீட்டுல.”

“எத்தனை நாளு படுத்தீரு?”

“ஒம்பது.”

“பொறவு?”

“பொறவு எந்திச்சேன்.”

இங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. எட்டாம் வயதில் ஒரு திருக்கை வலையைக் கிழித்த கதையை ஒரு மணி நேரம் சொல்லக்கூடிய மனிதர் இவர். அம்மையில் கிடந்த கதைக்கு மூன்று வார்த்தையா?

இன்னொன்றும் அவளை அரித்தது. அவளுக்கும் சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்ததுதான். முதுகு, விலா, காதுக்குப் பின்னால் எல்லாம் வடு இருக்கிறது. மூன்று வருஷமாகத் தினமும் சிலுவையின் முதுகுக்கு எண்ணெய் தேய்த்தவள் அவள். அந்த முதுகு சீவிய பலகையைப் போல வழுவழு என்றிருக்கும். அம்மை மூன்றே மூன்று கொப்பளத்தோடு வந்து, அதையும் ஒரு புருவத்துக்கு மேலே வரிசையாகப் போட்டுவிட்டுப் போகுமா?

அப்புறம், அந்த வருஷம் குளச்சலில் அம்மை பரவியதால்தானே சிலுவையையும் அவர் அக்காவையும் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள்? தப்பிக்கப் போன இடத்திலா வந்தது?

மறுநாள் காலை முதல் பேருந்தில் அவள் தேங்காய்ப்பட்டணம் போனாள்.

சிலுவையின் அக்கா கிளாரா வாழ்க்கைப்பட்ட ஊர் அது. ஐம்பது வயது. தென்னந்தோப்பின் நிழலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு முனையில் பக்கத்து வீட்டுக்காரி ராட்டைச் சுற்ற, கிளாரா மடியில் கட்டிய தேங்காய் நார்த் தும்பைப் பிரித்துப் பிரித்துவிட்டபடி பின்னோக்கி நடந்து போனாள். நடக்க நடக்கக் கயிறு நீண்டது. நாத்தனாரின் எதிரே நின்று பேச வேண்டுமானால் வியாகுலம்மாளும் முன்னோக்கி நடக்க வேண்டியிருந்தது.

“மைனி, ஒரு காரியம் கேக்கணும்.”

“கேளு பிள்ளே. கைக்குத்தான் வேலை. காது சும்மாதானே இருக்கு.”

“உங்க தம்பிக்குச் சின்னதுல கொப்பளிப்பான் வந்துதா?”

கிளாராவின் விரல் ஒரு கணம் தடுமாறியது. கயிற்றில் ஒரு முடிச்சு விழுந்தது. பின்னால் இரண்டு எட்டு வேகமாக வைத்தாள்.

“வந்துது. மூஞ்சில வடு கெடக்குல்லா.”

“மூணு வடு.”

“பின்ன, முந்நூறா கெடக்கணும்? லேசா வந்துது.”

“எத்தனை நாளு படுத்தாரு?”

“ஏழு.”

“அவரு ஒம்பதுன்னாரு.”

“நாப்பது வருசத்துக்க முன்ன உள்ள காரியம். நாளு எண்ணிட்டா இருப்பாவ?”

“உங்களுக்கும் வந்துதா மைனி? ஒரே வீட்டுல ரெண்டு பேரும் கெடந்தீங்கல்லா.”

“எனக்கா... எனக்கு வரல்ல.”

“ஒரே பாயில படுத்த பிள்ளையள்ல ஒருத்தருக்கு வந்துது, ஒருத்தருக்கு வரல்ல?”

“செபஸ்தியாரு காத்தாரு!”

“தம்பிய மட்டும் அவருக்குப் பிடிக்கல்லியாக்கும்?”

ராட்டு சுற்றியவள் களுக்கென்று சிரித்தாள். கிளாரா சிரிக்கவில்லை. பின்னோக்கி, பின்னோக்கி நடந்தாள். தும்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் தோப்பின் எல்லையிலிருந்த தென்னை அவள் முதுகில் முட்டியது. இனி நகர இடமில்லை.

வியாகுலம்மாள் கிட்டே போய் மெல்லச் சொன்னாள். “மைனி, அவரு திங்கிற மாத்திரை உடம்புக்க காவலைக் கெட்டிப் போடுத மாத்திரை. நேத்து அம்மை போட்ட பிள்ளைய மடியில வச்சிருந்தாரு. முன்ன வந்த உடம்புன்னா பயமில்ல. வராத உடம்புன்னா, நெஞ்சுக்குள்ளயும் போட்டு ஆளைக் கொண்டுபோயிரும். எனக்கு இருக்கது ஒரு மனுசன். சொல்லுங்க.”

கிளாராவின் கையிலிருந்து கயிறு நழுவியது. நாற்பது அடி முறுக்கும் பாம்பு சுருண்டாற்போலச் சுருண்டு போயிற்று.

“அது அம்மை இல்லட்டி” என்றாள். “யானைமுள்ளிச் சங்கு.”

“சங்கா?”

“நான் எறிஞ்சேன். ஒரு துண்டு கருப்பட்டிக்குச் சண்டை. எனக்குப் பத்து வயசு, அவனுக்கு ஏழு. முள்ளு மூணும் புருவத்துக்க மேல குத்தி எறங்கிட்டு. ரத்தம்ன்னா ரத்தம்! கண்ணு போச்சின்னு நெனச்சேன். எனக்க அப்பன் கூரையில திருக்கைவாலு சொருகி வச்சிருந்தாரு, தெரியுமா? அதால ரெண்டு அடி விழுந்தா தோலு பிஞ்சி வரும். நான் கெடந்து நடுங்குதேன். அப்ப இவன் சொல்லுதான், அந்தச் சின்னப் பய சொல்லுதான், ‘அழாத அக்கா. அம்மை வந்துதுன்னு சொல்லிருவோம்’ன்னு.”

“அத்தை?”

“அத்தை அதுக்கும் மேல. அண்ணன் வந்து தன்னை ஏசுவான்னு அவளும் ஒத்துக்கிட்டா. ஊருக்குப் போற நாளு, கோவிலுக்க குருசுல கை வச்சி ஆணையிட்டான். நான் சொல்லச் சொன்னாலன்றி சாவுத வரைக்கும் சொல்லமாட்டேன்னு. அப்பன் நம்பிட்டாரு. மவன் அம்மையில பொழைச்சி வந்தான்னு செபஸ்தியாருக்க அம்பு சுமக்க நேர்ந்தது அதுக்காக்கும்.”

வியாகுலம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வராத அம்மைக்கு நேர்ந்த நேர்ச்சை. அந்த நேர்ச்சை அம்பைக் கையில் கொடுத்து நிஜமான அம்மையின் மடியிலேயே கொண்டுபோய் உட்கார்த்திவிட்டதே!

“எந்திங்க மைனி” என்றாள். “ஆணையிட வச்ச ஆளு வந்துதான் அவிழ்க்கணும்.”

மத்தியானம் இரண்டு பேரும் குளச்சலில் வந்து இறங்கினார்கள். சிலுவை வலையின் கிழிசலை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார்.

“ஏலே சிலுவ, சொல்லிட்டேன்.”

“எதை?”

“சங்கை.”

அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார். பிறகு, “அப்பன் அறிஞ்சா?” என்றார்.

“அப்பன் செத்து இருவது வருசம் ஆச்சில்லா, பொட்டா!”

“செத்தாலும் அப்பன்தானே.”

வியாகுலம்மாளுக்குக் கோபத்தில் மூச்சு இரைத்தது. “டாக்டரு கேட்டாரே, அவருகிட்ட சொன்னா என்னவாம்? அவரு வந்து உங்க அக்காவ அடிக்கப் போறாரா?”

“நாப்பது வருசமாட்டு சொல்லிச் சொல்லி, ஏட்டி, எனக்கே அம்மை வந்த மாதிரிதான் இருக்கு” என்றார் சிலுவை. பொய் பேசுகிறவன் குரல் இல்லை அது. “அந்த ஒம்பது நாளு படுத்த பாயிகூட எனக்கு ஓர்மையிருக்கு.”

கிளாரா அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையாலேயே தலையைத் தடவினாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை. சீட்டில் பழைய வரியை அடித்துவிட்டுப் புது வரி எழுதினார். “ஒட்டியிருந்தால் பத்து நாளிலிருந்து இருபத்தொரு நாளைக்குள் தெரியும். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினால் அது அம்மையை விட மோசம். அளவு எப்படி என்று நான் சொல்கிறேன். தினமும் உடம்பைப் பாருங்கள். ஒரே ஒரு கொப்பளம் தெரிந்தாலும் அந்த நிமிஷமே இங்கே வரவேண்டும். இரண்டாவது கொப்பளத்துக்குக் காத்திருக்கக்கூடாது.”

காத்திருந்தார்கள். சேதி ஊருக்குத் தெரிந்ததும் நாற்பது வருஷத்துச் சிரிப்பை ஊர் ஒரே நாளில் சிரித்துத் தீர்த்தது. சிரித்து முடிந்த பிறகு பயம் வந்தது. “அந்த மாத்திரையாலதானே இத்தனையும்? தூக்கிக் கடல்ல எறி” என்று உபதேசியார் சொன்னார். தன் முழங்காலுக்கு அதையே கேட்டு வந்தவர்! ஊரில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். வியாகுலம்மாள் மாத்திரைக் குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள். “ஒண்ணாம் கட்டளை” என்பதற்கு மேல் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

ஞானதாசன்தான் பாதி ஆளாகிப் போனான். அவன் பிள்ளை எழுந்து ஓடி விளையாடத் தொடங்கிவிட்டது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் முற்றத்துக்கு அப்பால் நின்று, “அக்கா, எப்படி?” என்பான். “ஒண்ணுமில்ல. போயி கயிறு பிடி” என்பாள். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட அவன் மனைவி, நான்காம் நாள் உப்பு பாதி போட்ட சாளைப் புளிமுளக் குழம்பை ஒரு சட்டியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் வெயில் ஏறியதும் சிலுவை வேட்டியோடு முற்றத்தில் நிற்பார். வியாகுலம்மாள் பின்னங்கழுத்திலிருந்து தொடங்குவாள். தோள், விலா, தொப்புள், கால்விரல் இடுக்கு. கிளாரா எதிர்ப்பக்கம் இருந்து பார்ப்பாள். ஊருக்குத் திரும்பிப் போக அவள் மறுத்துவிட்டாள்.

“கோழி வாங்குதவன்கூட இப்படிப் புரட்டிப் பாக்க மாட்டான்” என்பார் சிலுவை.

“கோழி ஒழுங்கா நிக்கும். கைய தூக்கும்.”

பதினான்காம் நாள். வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு துளி வியர்வை மின்னியது. வியாகுலம்மாள் முந்தானையால் ஒற்றினாள். மறுபடி பார்த்தாள்.

வியர்வை போகவில்லை.

கிளாரா வாயைப் பொத்திக்கொண்டாள். வியாகுலம்மாள் அழவில்லை. “சட்டையப் போடும்” என்றாள்.

அம்மைக்காரரைப் பேருந்தில் ஏற்ற முடியாது. ஞானதாசன் சந்தைப் பக்கம் ஓடி, ஒரு வில்வண்டியைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தான். வண்டிக்காரன் தயங்கியபோது, “எனக்கு வந்து போனதாக்கும், நான் ஓட்டுதேன், நீ கீழ எறங்கு” என்று மூக்கணாங்கயிற்றைப் பிடுங்கினான். கடல் ஆள், மாட்டை ஓட்டி அவனுக்குப் பழக்கமில்லை. வழி முழுக்க மாட்டிடம் கெஞ்சிக்கொண்டே ஓட்டினான்.

ஆஸ்பத்திரிப் படியில் குளோரி எதிர்கொண்டாள்.

“எத்தனை கொப்பளம்?”

“ஒண்ணு.”

“ஒண்ணோடயா வந்தீங்க?”

“ரெண்டாவதுக்குக் காத்திருக்கக்கூடாதுன்னாருல்லா டாக்டரு.”

குளோரி அவள் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

பின்கட்டில் தனி அறை கொடுத்தார்கள். அம்மை வந்து போன உடம்பு என்பதால் வியாகுலம்மாளை மட்டும் உள்ளே விட்டார்கள். கிளாராவும் ஞானதாசனும் வெளியே புளியமரத்தடியில் இருந்தார்கள்.

அந்த ஒரு கொப்பளம் மறுநாள் நூறாயிற்று. அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை. வாய்க்குள், தொண்டைக்குள், கண் இமைக்குள் எல்லாம் போட்டது. மூன்றாம் நாள் மூச்சு குறுகியது. படகில் தண்ணீர் இறைப்பதைப் போல நெஞ்சு ஏறி இறங்கியது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபடி நின்ற நேரம் வியாகுலம்மாளின் ஆயுளில் பாதியைக் கொண்டுபோயிற்று. ஊசி போட்டார்கள். மாத்திரையின் அளவை டாக்டர் தானே வந்து பார்த்துப் பார்த்து மாற்றினார். “இரண்டு நாள் பிந்தி வந்திருந்தால் நான் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. இப்போதும் உறுதி சொல்ல மாட்டேன்” என்றார்.

சிலுவை பேசவில்லை. நான்காம் நாளும் பேசவில்லை. கண் திறந்தால் கூரையைப் பார்த்தார். ஸ்பூனில் கஞ்சி வைத்தால் பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. வாய் ஓயாத அந்த மனிதர் வாய் திறக்காமல் கிடந்ததுதான் அவளைக் கொன்றது. பக்கத்தில் உட்கார்ந்து அவளே பேசினாள். கரையில் வேளாமீன் பட்டதைச் சொன்னாள். வண்டி மாட்டிடம் ஞானதாசன் கெஞ்சியதைச் சொன்னாள். பதில் இல்லை.

ஐந்தாம் நாள் கழிந்து ஆறாம் நாள் காலை. ஜன்னல் வழியாக வெயில் கட்டிலில் விழுந்தது. வியாகுலம்மாள் ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்தாள். முந்தின நாளின் சூடு இல்லை. புதுக் கொப்பளம் ஒன்றும் இல்லை. பழையவை வற்றத் தொடங்கியிருந்தன. நம்பலாமா என்று பயந்தபடி அவள் கையை நெற்றியிலேயே வைத்திருந்தாள்.

சிலுவையின் உதடு அசைந்தது. அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

“ஏட்டி...”

“என்னவாக்கும்? சொல்லும்.”

“இந்தக் கட்டில்ல மூட்டைப்பூச்சி கெடக்கு. ஆறு நாளாட்டு கடிச்சிப் பிச்சுது. நீ என்னத்தப் பாத்துட்டு இருந்த?”

வியாகுலம்மாள் துணியைக் கீழே போட்டாள். எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புளியமரத்தடியிலிருந்து கிளாராவும் ஞானதாசனும் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவள் அழுகிற அழுகையைப் பார்த்து, எல்லாம் முடிந்ததென்று ஞானதாசன் தலையில் அடித்துக்கொண்டான்.

“என்னட்டி? வாயத் திற!” என்று கிளாரா அவளைப் பிடித்து உலுக்கினாள்.

“பொழைச்சாச்சி மைனி” என்றாள் வியாகுலம்மாள், கண்ணீரை முழங்கையால் வழித்தபடி. “குத்தம் சொல்லத் தொடங்கியாச்சி.”